சில்வர் ஓக் மரங்களும் நான்கு வாரிசுகளும்

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எங்களுக்கு 14 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அப்பா 1986-ல் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, காப்பிக்கு நிழலாக சில்வர் ஓக் வைத்தார். பாதி மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. ஓடை ஓரமாக 3 ஏக்கர் பல வருடமாகப் பராமரிப்பு இல்லாமல் காடாகிவிட்டது. அப்பா உயில் எழுதாமல் காலமானார். அக்கா சேலத்திலும் தம்பி பெங்களூரிலும் இருக்கிறார்கள். நான் அம்மாவுடன் தோட்டத்திலேயே இருக்கிறேன். ஒரு மர வியாபாரி, பத்து வருடத்துக்குத் தோட்டத்து மரங்கள் முழுவதையும் தன் பேருக்கு எழுதிக் கொடுத்தால் மொத்தமாகப் பணம் தருகிறேன் என்கிறார். தம்பி அட்வான்ஸும் வாங்கிவிட்டான். அக்கா ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்கிறாள். எனக்கு, எதை எப்போது வெட்டுவது, எதை விடுவது என்று ஒரு திட்டம் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தோன்றுகிறது. அப்படி எழுதினால் சட்டப்படி செல்லுமா? — ஏற்காடு வாசகி

பதில்: செல்லும். உங்கள் யோசனைதான் சரியான யோசனை. ஆனால் மூவர் கையெழுத்து போதாது, நான்கு வேண்டும். அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்து, உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சரிசமமாக நான்கில் ஒரு பங்கு. அம்மாவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அவருடைய சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வருகிற வருமானமே இந்தத் தோட்டம்தான் என்றால், திட்டத்தின் முதல் வரி அவரைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

அடுத்து, மலையில் பட்டா நிலம் என்பதால் மட்டும் மரத்தை இஷ்டம்போல் வெட்ட முடியாது. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-ன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும். வியாபாரி "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அனுமதி இல்லாமல் மரம் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பட்டாதாரர்களான நீங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. காடுகளைப் பற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ல் பிறப்பித்த உத்தரவில் தமிழ்நாட்டுக்கென்றே தனிப் பகுதி உண்டு. காடு என்றால் அகராதிப் பொருளில் காடுதான், நிலம் யாருடையது என்பது கேள்வியே இல்லை என்று அந்த உத்தரவு சொன்னது. தமிழ்நாட்டில் காட்டுப் பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை விதித்தது. தேயிலை, காப்பி, ஏலக்காய்த் தோட்டங்களின் நிழல் மரங்களுக்குத் தனியாக ஒரு வழி விட்டது. மனிதன் நட்ட மரமாக இருக்க வேண்டும், தானாக முளைத்ததாக இருக்கக்கூடாது. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் அறிக்கையில் சொன்ன இனமாக இருக்க வேண்டும், அந்த அறிக்கை சொல்கிற அளவுக்குள் வெட்ட வேண்டும். அதுவும் அரசு அமைத்த குழுவின் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

ஆகவே உங்கள் திட்டம் மரக்கணக்கில் ஆரம்பிக்கட்டும். இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு தோட்டத்தை வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு மரத்துக்கும் பெயிண்டில் ஒரு எண் போடுங்கள். நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில், டேப் பிடித்துச் சுற்றளவு எடுங்கள். நோட்டில் எண், இனம், சுற்றளவு, மிளகுக்கொடி உண்டா இல்லையா, நட்டதா தானாக வந்ததா என்று கட்டம் கட்டி எழுதுங்கள். நட்டதா இல்லையா என்கிற அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வழக்கே இருக்கிறது. சில்வர் ஓக் விதை இறக்கை முளைத்தது போல மெல்லியது, காற்றில் பறந்து போய் எங்கெங்கோ முளைக்கும். சீரான இடைவெளியில் வரிசையில் நிற்பதை ஒரு பக்கமும், வரிசையை விட்டு விலகி நிற்பதை வேறு பக்கமும் எழுதுங்கள். அப்பா நாற்று வாங்கிய ரசீது, கூலிக் கணக்கு நோட்டு, பழைய அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) என்று எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். நட்டவர் உயிரோடு இல்லாதபோது அவர் எழுதி வைத்த காகிதம்தான் சாட்சி.

கணக்கெடுக்கும்போது சந்தனமோ ஈட்டி மரமோ (ரோஸ்வுட்) தட்டுப்பட்டால் அதை வியாபாரி கண்ணில் காட்டவே வேண்டாம். உங்கள் சேர்வராயன் மலையில் சந்தனம் தானாகவே வரும். பட்டா நிலத்துச் சந்தனத்துக்கு 2008-ல் தனி விதிகள் வந்தன, அதை வனத்துறை வழியாகத்தான் எடுக்க முடியும். தனியார் நிலத்து ஈட்டியைக் காப்பாற்ற 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள், அது இப்போதும் அமலில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இவை இரண்டையும் தனிப் பட்டியலாக்கி, வனச்சரகரிடம் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடை ஓரத்து 3 ஏக்கரைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதில்தான் கவலை அதிகம். தோட்டத்துக்குள்ளேயே காடாக மாறி, தோட்டமாகப் பயன்பாட்டில் இல்லாத பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும், அங்கே எந்த மரத்தையும் வெட்ட அனுமதிக்கக்கூடாது என்று அதே 1996 உத்தரவு சொல்கிறது. நட்ட நிழல் மரத்துக்குக் கொடுத்த சலுகைகூட அந்தப் பகுதிக்குக் கிடையாது. வியாபாரி தொகை பேசும்போது அந்த 3 ஏக்கரையும் சேர்த்துத்தான் பேசியிருப்பார். அதை வெளியே எடுத்துவிடுங்கள். ஓடைக்கரைச் சரிவில் மரம் போனால் அடுத்த மழைக்கே மண் இறங்கும், கீழே தண்ணீர் எடுப்பவர்களுக்கும் வம்பு. அந்தப் பகுதியில் வெட்டு இல்லை என்று திட்டத்தில் எழுதிவிடுங்கள். அக்காவின் விருப்பத்தில் ஒரு பங்கு அங்கேயே நிறைவேறிவிடும். மீதி 11 ஏக்கரில் காப்பியைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் அடங்கலில் காப்பி என்று ஏற வேண்டும், காப்பிக்கொட்டை விற்ற சீட்டு இருக்க வேண்டும். இன்றைக்குப் பராமரிப்பை விட்டால் நாளைக்கு அதுவும் அந்த 3 ஏக்கர் போல ஆகிவிடும்.

இப்போது குறிக்கோளுக்கு வருவோம். நான்கு பேரும் தனித்தனித் தாளில், இந்தத் தோட்டத்திலிருந்து தனக்கு என்ன வேண்டும், எந்த வருடத்துக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். தம்பிக்கு உண்மையில் எவ்வளவு பணம் தேவை, எதற்காக, எப்போது என்று அவர் எழுதும்போதுதான் தெரியும். பெரும்பாலும் அந்தத் தொகைக்குத் தோட்டம் முழுவதையும் மொட்டையடிக்க வேண்டியிருக்காது. மிளகுக்கொடி இல்லாத, சுற்றளவு முற்றிய, வரிசையில் நட்ட மரங்களை மட்டும் எடுத்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். கொடி ஏறிய மரத்தை வெட்டினால் மரக்காசு ஒரு தடவை வரும், மிளகுக்காசு நின்றே போய்விடும். தோட்டத்தைப் பாதையை வைத்து நான்கைந்து பிளாக்காகப் பிரித்து, ஒரு வருடத்துக்கு ஒரு பிளாக்கில் மட்டும் இடைவெட்டு (இடையிடையே சில மரங்களை மட்டும் எடுப்பது), வெட்டிய இடத்தில் மறுநடவு என்று வைத்துக்கொண்டால் காப்பிக்கும் நிழல் தப்பும். எந்தச் சுற்றளவில் வெட்டுவது, எவ்வளவு நிழல் நிற்க வேண்டும் என்பதற்கு நான் ஆளில்லை. ஏற்காட்டில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலோ கேளுங்கள்.

எழுதியதை நான்கு பேரும் முத்திரைத்தாளில் ஒப்பந்தமாக்குங்கள். நிலத்தைப் பங்கு பிரிக்காமல், நிர்வாகம், வெட்டும் முறை, வருமானப் பங்கீடு ஆகியவற்றை மட்டும் எழுதினால் அது உங்களுக்குள்ளான உடன்படிக்கை. இன்னின்ன பகுதி இன்னாருக்கு என்று அதிலேயே பிரித்தால், அப்போது பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். யார் விண்ணப்பம் போடுவது, பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வருவது, ஒருவர் விலக நினைத்தால் தன் பங்கை மற்ற மூவருக்கு முதலில் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதற்கு முன்னால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, நான்கு பேர் பேருக்கும் கூட்டுப் பட்டா மாற்றுங்கள். இறந்தவர் பேரில் பட்டா இருந்தால் வெட்டு அனுமதி விண்ணப்பம் முதல் மேஜையைத் தாண்டாது. நிலம் எந்த வகை என்று 'அ' பதிவேட்டு நகலையும் வாங்கிப் பாருங்கள்.

வியாபாரியின் பத்து வருட ஒப்பந்தத்துக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். சீக்கிரம் வெட்டி எடுத்துப் போகிற நிலையில் நிற்கும் மரத்தைச் சட்டம் அசையும் பொருளாகப் பார்க்கிறது. பல வருடம் நிலத்தில் நின்று வளர விட்டு, அவ்வப்போது நுழைந்து வெட்டுகிற உரிமை என்றால் அது நிலத்தின் மீதான உரிமை, பதிவு செய்யாமல் செல்லாது. சாந்தாபாய் எதிர் பம்பாய் அரசு வழக்கில் 1958-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பதிவு செய்யாவிட்டால் ஒப்பந்தம் அவருக்கு உதவாது. பதிவு செய்தால் பத்து வருடம் உங்கள் தோட்டத்தில் அவருக்குப் பாத்தியதை. விற்பதானால், அனுமதி கையில் வந்த பிறகு, அனுமதியில் உள்ள எண்களை மட்டும், ஒரு பருவத்துக்குள் வெட்டி முடிக்கும்படி எழுதுங்கள். காப்பிச்செடி நொறுங்கினால் இழப்பீடு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். லாரி இறங்குவதற்கு முன் 1968-ம் வருட மர போக்குவரத்து விதிகளின்படி வனத்துறை பெர்மிட் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு தடிகூட மலை இறங்கக்கூடாது.

தம்பி வாங்கிய அட்வான்ஸ் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பங்குதாரர் தனியாகப் பேசிய பேச்சு மற்ற மூவரையும் கட்டாது. அனுமதியில்லாமல் வெட்டுவதற்காகப் போட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது. ஆனாலும் பணம் தம்பி கையில் இருக்கும்வரை வியாபாரி ஆள் இறக்கப் பார்ப்பார். மற்ற மூவரும் சேர்ந்து, எங்கள் சம்மதம் இல்லை என்று வியாபாரிக்கு ஸ்பீடு போஸ்டில், கிடைத்ததற்கான சான்றுடன் கடிதம் அனுப்புங்கள். பணத்தைத் தம்பி ரொக்கமாக அல்ல, வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்து, கணக்குத் தீர்ந்தது என்று எழுதி வாங்கட்டும். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால் அதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். ஆள் இறங்கிவிட்டால் சேலம் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம், அதற்கு இந்தக் கடிதமும் உங்கள் மரக்கணக்கு நோட்டும் வேண்டும்.