கடலும் கோவிலும் ஒரே நாட்காட்டியில்: வாசகர் கேள்வி – பதில்

பாஸ்கா எனும் இயேசுவின் உயிர்ப்பு விழாவும் அதன் பின்னாலேயே மீன்பிடித் தடைக்காலமும் நெருங்குவதால், இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவை. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை. ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் நாற்பது குடும்பங்களுக்கும் குறைவு. பங்குத்தந்தை நான்கு ஊர்களைக் கவனிப்பதால் எங்களுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் திருப்பலி. ஏப்ரல் முதல் ஜூன் வரை என்னென்ன நிகழ்ச்சிகள் நடத்தலாம் என்று பேசிவருகிறோம். சென்ற ஆண்டு போட்ட திட்டத்தில் பாதி நடக்கவில்லை. வைத்த கூட்டங்களுக்கும் ஆள் வரவில்லை. எப்படித் திட்டமிடுவது? (கிளை ஊர்ச் செயலர், பாம்பன் பகுதி)

பதில்: நிகழ்ச்சிப் பட்டியலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் வீடுகளின் பட்டியலை எழுதுங்கள். எந்த வீட்டில் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறார்கள், எந்த வீட்டில் சொந்த வள்ளம் (சிறு படகு) இருக்கிறது, எந்த வீட்டுப் பெண்கள் கடற்பாசி எடுக்கப் போகிறார்கள், யார் நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள், யார் வெளியூரில் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தால், சென்ற ஆண்டு ஆள் வராததற்கான காரணம் பெரும்பாலும் அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும். நாம் திருவழிபாட்டு நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிக்கிறோம். நம் மக்களோ காற்றையும் நீரோட்டத்தையும் நிலவையும் பார்த்து நாள் குறிக்கிறார்கள். இரண்டையும் அருகருகே விரித்து வைக்காமல் போடும் திட்டம் கடற்கரையில் நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இளைஞனாக இருந்தபோது ஒரு கடலோரக் கிளை ஊரில் தவக்காலப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை நான்கரைக்குச் சிலுவைப்பாதை என்று அறிவித்தேன். மூன்று வாரமும் பாட்டிமாரும் சிறுபிள்ளைகளும் மட்டுமே வந்தார்கள். மக்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று குறைபட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் நண்டு வலையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணியில் மாட்டிய நண்டின் கால் ஒடியாதபடி, நூலை ஒவ்வொன்றாக விலக்கி அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். கால் ஒடிந்த நண்டுக்கு வியாபாரி பாதி விலைதான் கொடுப்பார். கையை நிறுத்தாமலே, “தம்பி, இந்த வலையைத் தட்டி முடிக்காம எழும்ப முடியாது. ஏழரைக்கு வையுங்க, வந்துருவோம்” என்றார். அடுத்த வெள்ளி ஏழரைக்கு வைத்தோம். குளித்த ஈரம் காயாத தலையோடு ஆண்கள் வரிசையாக வந்து நின்றார்கள்.

இனி இந்த ஆண்டுக்கு வருவோம். உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. அது முடிந்து பத்தாம் நாள், ஏப்ரல் 15 அன்று, தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. மீன்களின் இனப்பெருக்கத்தைக் காப்பதற்காக விதிக்கப்படும் இத்தடை விசைப்படகுகளுக்கு மட்டுமே உரியது. நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் கடலுக்குப் போகலாம். ஆகவே ஒரே தெருவில் ஒரு வீட்டு ஆண்கள் வேலையின்றிக் கரையில் இருப்பார்கள். மீன்வரத்துக் குறைந்து விலை கூடும் நாட்கள் என்பதால் அடுத்த வீட்டுக்காரர் ஒரு நாளையும் விட மனமில்லாமல் தொழிலுக்குப் போவார். தடைக்காலம்தானே, எல்லோரும் ஊரில் சும்மா இருப்பார்கள் என்று எண்ணிக் காலை நேரத்தில் கூட்டம் வைத்தால், வள்ளக்காரர்களை நீங்களே வெளியே நிறுத்தியவர்கள் ஆவீர்கள். இரவு ஏழரைக்குப் பிந்திய நேரமே இருவருக்கும் ஒத்து வரும்.

மே மாத மாதா வணக்கத்தை வீடு வீடாக வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் செபமாலை முடிந்ததும் சுண்டலும் தேநீரும் கொடுக்கும் வழக்கத்தை இந்த இரண்டு மாதங்களுக்காவது நிறுத்துவதென்று அன்பியக் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக்குழு) கூட்டத்தில் பொதுவாக முடிவு செய்யுங்கள். கையில் காசில்லாத வீட்டுக்காரர், “எங்கள் முறையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்” என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் தள்ளிப் போடுவது செபத்தை அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

பிள்ளைகளுக்கான விடுமுறை மறைக்கல்வி வகுப்பை மே நடுவில் தொடங்கி, மே 24 தூய ஆவி பெருவிழாவில் முடிக்கலாம். ஆசிரியர் இல்லை என்கிறீர்கள். கரையில் ஏற்றிய படகுகளுக்குப் பழுது பார்த்து, வர்ணம் அடித்துக்கொண்டிருக்கும் அப்பாமார்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பேதுருவும் அந்திரேயாவும் வலை வீசியதையும், யாக்கோபும் யோவானும் படகில் வலை பழுதுபார்த்ததையும் அவர்களைவிட நன்றாக யார் சொல்லிக்கொடுக்க முடியும்? ஒரு நாள் வகுப்பைப் படகுகளின் நிழலிலேயே வையுங்கள்.

குருவானவர் வராத ஞாயிறுகளில் கோவிலைப் பூட்டி வைக்காதீர்கள். குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கென வத்திக்கான் 1988-இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அந்நாளுக்குரிய வாசகங்களை வாசித்து, மன்றாட்டுகளைச் சொல்லி, அனுமதி பெற்ற நற்கருணைப் பணியாளர் இருந்தால் நற்கருணையும் வழங்கலாம். குருவுக்கே உரிய நற்கருணை மன்றாட்டை மட்டும் யாரும் சொல்லக் கூடாது; அந்த வழிபாட்டைத் திருப்பலி என்று மக்கள் எண்ணிக்கொள்ளவும் விடக் கூடாது. பங்குத்தந்தையிடம் கேட்டு, இரண்டு பேரையாவது இதற்குப் பழக்குங்கள்.

ஜூன் 13 புனித அந்தோணியார் திருநாள் இவ்வாண்டு சனிக்கிழமை வருகிறது. மறுநாள் ஞாயிறு, அன்றோடு தடையும் முடிகிறது. ஜூன் 4 அன்று கொடியேற்றினால் ஒன்பது நாள் நவநாளுக்குச் சரியாக இருக்கும். ஞாயிறு மாலை படகுகளை மந்திரிக்க (ஆசீர்வதிக்க) எல்லாக் கடற்கரை ஊர்களும் குருவானவரை அழைக்கும் என்பதால், நேரத்தை இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். கோவில் கூரை ஒழுகுகிறது என்று ஊரிலிருந்து கேட்டதால் பணம் அனுப்பினேன். அந்தப் பணம் திருவிழா மின்விளக்குக்குச் செலவானதாக இப்போது தெரிகிறது. கேட்டால், “எல்லாம் கோவிலுக்குத்தானே” என்கிறார்கள். நான் கேட்டது தவறா? (வாசகர், சொந்த ஊர் இராமேசுவரம் பகுதி)

பதில்: தவறே இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267-ஆவது சட்டம், ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக இறைமக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. மக்கள் கொடுத்த பொருளுக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1287-ஆவது சட்டம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்பதை 537-ஆவது சட்டம் கட்டாயமாக்குகிறது. ஆகவே உங்கள் கேள்வியை நிதிக்குழுவிடம் எழுத்தில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வைக்காதீர்கள். அங்கே எழுதினால் கூரை மறைந்து சண்டை மட்டும் மிஞ்சும்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தடைக்கால நிவாரணமாக அரசு ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பது 8,000 ரூபாய். இரண்டு மாதச் சாப்பாட்டுக்கே போதாத அந்தப் பணம் வங்கிக்கு வந்த வாரத்தில் தலைக்கட்டு வரிக்கு (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் திருவிழா வரி) வீட்டு வாசலில் நிற்பது நியாயமல்ல. படகுகள் கடலுக்குப் போய் ஒரு மாதம் ஆன பிறகு வரியை வாங்கினால் திருவிழாக் கடன் சற்றுத் தாமதமாக அடையும், அவ்வளவுதான். வரி கொடுக்காத வீட்டுப் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கம் எங்காவது இன்னும் இருந்தால், இந்த ஆண்டோடு அதை விட்டுவிடுங்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன்.

கேள்வி: நான் இஸ்லாமியன். பக்கத்து ஊர் அந்தோணியார் திருவிழா அசனத்துக்கு (பொது விருந்து) அரிசி கொடுக்க விரும்புகிறேன். வாங்கிக்கொள்வார்களா? (வாசகர், கீழக்கரை)

பதில்: மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழாவில் எல்லா மதத்தாரும் கலந்துகொள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இவ்வாண்டு தவக்காலமும் ரமலான் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கின. உங்கள் பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிப் போகும் பிள்ளைகளில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அரிசியைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள்: இறைச்சி சமைப்பதாக இருந்தால், மரக்கறிச் சாப்பாட்டைத் தனி அண்டாவில் வைத்து, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அரிசி கொடுத்தவரும் பந்தியில் உட்கார முடியும்.

கேள்வி: மே மாதம் பிள்ளைகளை ஓரியூருக்குத் திருப்பயணம் அழைத்துப் போகலாமா? (மறைக்கல்வி ஆசிரியை, தொண்டி)

பதில்: போகலாம், ஆனால் நடைப்பயணமாக வேண்டாம், அந்த வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது. விடியற்காலையில் வேனில் புறப்பட்டு, பத்து மணிக்குள் வழிபாட்டை முடித்துவிடுங்கள். போர்ச்சுக்கல் நாட்டிலிருந்து வந்து அருளானந்தர் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1947-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அங்குள்ள செம்மண்ணை அவருடைய இரத்தம் தோய்ந்த மண்ணாக மக்கள் போற்றுகிறார்கள். பிள்ளைகள் அதைக் கையில் அள்ளிப் பார்க்கட்டும். வகுப்பில் சொல்வதைவிட அது அவர்கள் மனத்தில் நன்றாகத் தங்கும்.

கேள்வி: பெண்கள் கூட்டத்துக்கு நாங்கள் பாசிக்காரப் பெண்கள் வருவதில்லை என்று கோவிலில் குறை சொல்கிறார்கள். இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று பாதம் கழுவ ஒவ்வொரு ஆண்டும் பங்குப்பேரவை ஆண்கள் பன்னிரண்டு பேரையே உட்கார வைக்கிறார்கள். பெண்கள் உட்காரக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா? (சகோதரி, மண்டபம் பகுதி)

பதில்: சகோதரி, முதலில் கூட்டத்தைப் பற்றி. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று உங்கள் கரைப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அந்தப் பன்னிரண்டு நாளில் ஒன்றை இழந்தால் அதை ஈடு செய்ய வேறு நாள் இல்லை. கூட்டம் வைப்பவர்கள் காலண்டரில் நிலவைப் பார்த்து, இடைப்பட்ட நாட்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும். வராததற்கு உங்களைக் குறை சொல்வது சரியல்ல. வரவேண்டுமென்று உண்மையாக விரும்புகிறவர்கள் நாளை மாற்றுவார்கள்.

பாதம் கழுவுதல் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை தெளிவானது. அப்படிச் சட்டம் இல்லை. முன்பு ஆண்கள் என்று விதியில் இருந்ததை 2016 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றினார். ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர், நோயாளிகள் என்று இறைமக்கள் எல்லோரிலிருந்தும் ஒரு சிறு குழுவைத் தேர்ந்துகொள்ளலாம். பன்னிரண்டு பேர்தான் என்ற கட்டாயமும் இல்லை. அதேபோல 2021 சனவரியில் வாசகர் (வழிபாட்டில் மறைநூல் வாசிப்பவர்), பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுபவர்) பணிகளையும் பெண்களுக்கு அவர் முறைப்படித் திறந்துவிட்டார். முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் பங்குத்தந்தை. நீங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து நேரில் போய்க் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

வசந்த காலப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்பு விழா என்பதால், புனித வாரம் எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது. இவ்வாண்டு பெரிய வியாழன் ஏப்ரல் 2, அன்றே பௌர்ணமி. ஆகவே அன்று பகலில் நீங்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் மூழ்கிப் பாறையில் பாசி பறித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதைப் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். வழிபாட்டை இரவு எட்டு மணிக்கு வைக்கும்படியும், உங்கள் ஊரிலிருந்து பங்குக் கோவிலுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்யும்படியும் கேளுங்கள். கோவில்பிள்ளையிடமும் (கோவில் பணியாளர்) ஒன்றைச் சொல்லி வையுங்கள்: பாறை கிழித்த காலில் உப்பு ஏறியிருக்கும், குளிர்ந்த நீர் பட்டால் எரியும், பாதம் கழுவும் செம்பில் வெந்நீர் கலந்து வைக்கட்டும்.