அறிவித்துவிட்ட நாவலை என்ன செய்வது?

கேள்வி: நான் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு என் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. அந்த உற்சாகத்தில், அடுத்து மூன்று தலைமுறைக் கதையாக ஒரு பெரிய நாவல் எழுதுகிறேன் என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். தலைப்பும் சொல்லியாகிவிட்டது. இன்றுவரை நாற்பது பக்கம் தாண்டவில்லை. யாரைப் பார்த்தாலும் ‘நாவல் என்ன ஆச்சு?’ என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு பதிப்பாளர், ‘முடிக்கும் முன்பே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், எல்லா உரிமைக்கும் சேர்த்து ஒரே தொகையாகத் தந்துவிடுகிறேன்’ என்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கட்டாயத்திலாவது எழுதிவிடுவேனோ? அல்லது என் கற்பனையே வறண்டுவிட்டதா? நீங்கள் அடுத்து என்ன எழுதுகிறீர்கள்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர். கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: கற்பனை வறண்டவர் இவ்வளவு நீளமாக, ஒரு அடித்தல்கூட இல்லாமல் கடிதம் எழுதமாட்டார். அந்தக் கவலையை விடுங்கள்.

ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. நாவலின் தலைப்பு இருக்கிறது. எத்தனை தலைமுறை, எத்தனை பாகம் என்பதெல்லாம் இருக்கிறது. அந்த மூன்று தலைமுறையில் ஒரே ஒரு ஆள்கூடக் கடிதத்துக்குள் வரவில்லை. ஒரு பெயர், ஒருவருடைய கோபம், யாரோ ஒளித்துவைத்த ஒரு கடிதம், எதுவுமே இல்லை. இரண்டு வருடமாக நீங்கள் தூக்கிச் சுமப்பது நாவலை அல்ல, நாவலைப் பற்றிய அறிவிப்பை என்று சொன்னால் கோபிக்கமாட்டீர்களே?

எனக்கும் இது நடந்தது. பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு பேட்டியில், கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரைப் பற்றி நாவல் எழுதுகிறேன் என்றேன். அப்புறம் போகிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்பதுகூடப் பழகிவிட்டது. முடிவை மூன்று முறை மாற்றினேன், எல்லாம் வாயாலேயே. ஒருநாள் எழுத உட்கார்ந்தால், வந்ததெல்லாம் கதைச்சுருக்கம். அந்த ஆள் விளக்கேற்றினான், அவன் மனைவி போய்விட்டாள், புயல் வந்தது. வேலை செய்யும் முன்பே கூலியை வாங்கிச் செலவழித்துவிட்டேன். கேட்டவர்களின் ‘ஆஹா’தான் அந்தக் கூலி. இன்னொரு முறை அதே கதைக்கு உழைக்க மனம் வரவில்லை.

சொல்லக்கூடாது என்று விதி போடவில்லை. பேசிப் பேசியே கதையைக் கண்டுபிடிக்கும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும். நானும் நீங்களும் அந்த ரகம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, அந்த நாற்பது பக்கம். அதைத் தொடக்கத்திலிருந்து படிக்காதீர்கள். நாற்பதாவது பக்கத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தைப் பத்து முறை திருத்தியவர்களாக இருப்பார்கள். முதல் ஐந்து பக்கம் பளபளவென்று இருக்கும், மீதி மூச்சு வாங்கும். நடுவில் எங்காவது திறந்து, யாரிடமும் நீங்கள் சொல்லாத ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். எழுதும்போது தானாக வந்து சேர்ந்த ஒரு ஆளோ ஒரு பேச்சோ அங்கே இருக்கலாம். இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள், அது நாவலின் கடைசி அத்தியாயமாக முடிந்தாலும் பரவாயில்லை. அப்புறம் கோப்பின் பெயரிலிருந்து அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள். திறக்கும்போதெல்லாம் ஒரு பெரிய நாவலின் பெயர் முறைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கை ஓடும்? என் கோப்புக்கு இப்போது ‘இரண்டு’ என்று பெயர்.

வேலைக்குப் போவதைத் தடையாக நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் எழுதும் நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஆந்தனி டிரோலப் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்தவர். காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு. செருப்புத் தைப்பவர் உட்காருவதைப் போல எழுத்தாளரும் உட்கார வேண்டும் என்றவர். அவர் இறந்தபின் 1883-இல் வெளியான சுயசரிதையில் இதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது பலருக்குப் பிடிக்கவில்லை. நானும் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கையை எட்டுவதற்காகத் தேவையில்லாத இடத்திலெல்லாம் ‘மிகவும்’ சேர்த்ததுதான் மிச்சம். போதாக்குறைக்குத் தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வருவதால் அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தவும் பொருந்தாது. ஆனால் அவரிடமிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டேன். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை மட்டும் படிப்பார். அலுவலகத்திலிருந்து மண்டை நிறையக் கணக்குகளோடு வருகிறவருக்கு இது பெரிய உதவி. கதைக்குள் நுழைய ஒரு வாசல் கிடைக்கும்.

இனி ஒப்பந்தம். இதில் மட்டும் கண்டிப்பாகப் பேசப்போகிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1811-இல் தன் முதல் நாவலை, நஷ்டம் வந்தால் தன்னுடையது என்ற ஏற்பாட்டில் வெளியிட்டார். அது விற்றுத் தீர்ந்து அவருக்கு 140 பவுண்டு லாபம் வந்தது. அடுத்த நாவலின் பதிப்புரிமையை மொத்தமாகப் பதிப்பாளருக்கு விற்றுவிட்டார். 150 எதிர்பார்த்தார், கிடைத்தது 110. அந்த நாவல்தான் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’. 1813 ஜனவரியில் வந்தது, அதே வருடம் இரண்டாம் பதிப்பும் கண்டது. அதற்கப்புறம் வந்த லாபம் எதிலும் அவருக்குப் பங்கில்லை. மூன்றாவது நாவலுக்குப் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிவிட்டார்.

முன்பணமும் ஒரே தொகையும் ஒன்றல்ல. முன்பணம் என்பது பின்னால் வரவேண்டிய ராயல்டியில், அதாவது விற்பனையில் எழுத்தாளருக்குச் சேரும் பங்கில், கழித்துக்கொள்ளப்படுவது. புத்தகம் அந்த அளவைத் தாண்டி விற்றால் மேற்கொண்டு பணம் வரும். ஒரே தொகை என்றால் அத்தோடு கதை முடிந்தது. ‘எல்லா உரிமைகளும்’ என்ற இரண்டு சொல்லுக்குள் மின்நூல், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் அடக்கம். பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி அந்த உரிமை எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் குறைந்தது 50 வருடம் நீடிக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுப்பது அவ்வளவு நீளமான காலத்தை.

என் இரண்டாவது புத்தகத்துக்கு நான் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். ‘இனி உருவாகக்கூடிய வடிவங்கள் உட்பட’ என்று ஒரு வரி இருந்தது. சடங்கு வாசகம் என்று நினைத்துவிட்டேன். சில வருடம் கழித்து ஒரு வாசகர், ‘உங்கள் கதையைக் கேட்டேன், குரல் அருமை’ என்று எழுதினார். யாருடைய குரல் என்று நான்தான் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த வடிவத்துக்கு, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும், விற்பனைக் கணக்கு வருடத்துக்கு எத்தனை முறை வரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு யாருடைய காகிதமாக இருந்தாலும் நீங்களே சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பீர்கள்.

கட்டாயம் எழுத வைக்குமா என்றால், இதுபோன்ற பத்திரிகைப் பத்திக்கு வைக்கும். இந்தப் பதிலைக் கெடுவுக்கு முந்தைய இரவில்தான் எழுதுகிறேன், பத்திரிகை ஆசிரியருக்கும் அது தெரியும். நாற்பது பக்கத்தில் நிற்கும் நாவலுக்குக் கெடு வைத்தால், இப்போது நண்பர்கள் மட்டும் கேட்கும் கேள்வியைப் பதிப்பாளரும் சேர்ந்து கேட்பார், கூடவே பணத்தைக் கொடுத்துவிட்டு. முடித்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே வேண்டும் என்றால் காத்திருப்பார்.

நண்பர்களுக்கு ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். என் கலங்கரை விளக்க நாவலைப் பற்றிப் பதினோரு வருடத்தில் என்னிடம் விசாரித்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் அதைக் கப்பல் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு சிறுகதைத் தொகுப்பு மெய்ப்பில், அதாவது அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தத்தில், இருக்கிறது. பக்கங்கள் 164 வந்தன. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் ஒரு ஃபாரம் 16 பக்கம் என்பதால் பத்து ஃபாரம் போக நாலு பக்கம் உதிரியாக நின்றது. பதிப்பாளர் தயங்கித் தயங்கி, நாலே பக்கமுள்ள அந்தக் கதையை எடுத்துவிடலாமா என்றார். தொகுப்பிலேயே பலவீனமான கதை அதுதான் என்பது எங்கள் இருவருக்கும் முதலிலிருந்தே தெரியும். சொல்வதற்குக் காகிதக் கணக்கு தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு ஒன்று இருக்கிறது. அந்த ‘இரண்டு’ என்ற கோப்புதான். அதில் ஒரு வயதான அம்மாள் தினமும் மாலையில் பூட்டிய வீட்டுக்கு முன்னால் வந்து... பாருங்கள், ஆரம்பித்துவிட்டேன். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.