ரியூப்பில என்ன பேர் போட்டிருக்கு?

இந்த மாசம் வந்த கடிதங்களில மூண்டு கடிதம் ஒரே சாமானைப் பற்றித்தான், தோலுக்குப் பூசுற ஸ்டீரொய்ட் மருந்து, சிவப்பையும் கடியையும் அடக்கிற வகை. அதால இந்தமுறை பக்கம் முழுக்க அதுக்கே. நான் டொக்டர் இல்லை, கனகாலம் பாமசி கவுண்டருக்குப் பின்னால நிண்ட மருந்தாளர். அந்த இடத்தில நிண்டு பார்த்ததைத்தான் சொல்லுறன்.

கேள்வி: அக்கா, என்ர அவர் கடலுக்குப் போறவர். தொடையிடுக்கில வட்டம் வட்டமாப் படை மாதிரி வந்து ஒரே கடி. கடையில ஒரு கிறீம் குடுத்தவை, பூசினா ரெண்டு நாளில கடி நிண்டுடும், விட்டா பழையபடி வரும். இப்ப நாலு மாசமாச்சு, வயித்து வரைக்கும் ஏறிட்டுது, எனக்கும் கையில ஒண்டு வந்திருக்கு. நான் அஞ்சு மாசம் கர்ப்பம். இவ்வளவு நாளும் நான்தான் பூசிவிட்டனான், பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ? (நிலாவெளி வாசகி)

பதில்: தங்கச்சி, முதல்ல உங்கட பயத்துக்குப் பதில் சொல்லிடுறன். பூசிவிட்டதில கையில பட்ட அளவால பிள்ளைக்கு ஏதும் வந்திருக்கும் எண்டு பயப்பிடத் தேவையில்லை, உள்ளங்கைத் தோல் தடிப்பு, மருந்து லேசில உள்ள போகாது. கர்ப்ப காலத்தில கடும் ஸ்டீரொய்டைக் கூடுதலா, கனநாள் உடம்பில பூசினாத்தான் பிள்ளை நிறை குறைஞ்சு பிறக்கலாம் எண்டு கவனிக்கிறது. ஆனா இனி எந்த மருந்தெண்டாலும் அவரே பூசட்டும், பூசிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். உங்கட கையில வந்ததுக்கு அந்தக் கிறீமைத் தொடவே வேண்டாம், கிளினிக்குக்குப் போகேக்க காட்டுங்கோ.

இப்ப அந்த ரியூப்பை எடுத்து, பெரிய எழுத்தில இருக்கிற கொம்பனிப் பேரை விட்டுட்டு, கீழ சின்னதா இருக்கிற பேரை வாசியுங்கோ. குளோபெட்டசோல் புரோப்பியோனேட் 0.05% எண்டு இருக்கும் எண்டு நினைக்கிறன், நீங்கள் சொல்லுற கதை அப்பிடித்தான் இருக்கு. தோலுக்குப் பூசுற ஸ்டீரொய்டுகளில ஆகக் கடுமையான வகையில சேர்ந்தது அது. டொக்டர் எழுதிக் குடுத்தாலும் பெரிய ஆக்களுக்குத் தொடர்ந்து 2 கிழமைக்கு மேல இல்லை, கிழமைக்கு 50 கிராமுக்கு மேல இல்லை எண்டதுதான் கணக்கு. இவர் நாலு மாசம் பூசியிருக்கிறார், அதுவும் தொடையிடுக்கில!

இடம் ஏன் முக்கியம் எண்டா, 1967இல ஒரு ஆராய்ச்சியில ஹைட்ரோகோட்டிசோன் எண்ட லேசான ஸ்டீரொய்டைப் பூசி எவ்வளவு உடம்புக்குள்ள போகுது எண்டு அளந்து பார்த்தவை. முன்கையில போறதை 1 எண்டு வைச்சா நெத்தியில 6, தாடையில 13, விதைப்பையில 42. அதே மருந்து, அதே கை, பூசுற இடம் மட்டும்தான் வேற. அதுக்கு மேல இவர் நனைஞ்ச சாரத்தோட விடியும் மட்டும் வள்ளத்தில இருக்கிறவர், ஈரமும் புழுக்கமும் சேர்ந்தா தோல் இன்னும் இழுக்கும்.

படை எண்டது பூஞ்சணம். ஸ்டீரொய்ட் பூஞ்சணத்தைக் கொல்லாது, அதோட சண்டை பிடிக்கிற எங்கட உடம்பின்ர எதிர்ப்பைத்தான் அடக்கும். சிவப்புக் குறையும், கடி நிக்கும், மாறிட்டுது எண்டு நாங்கள் நினைப்பம், உள்ளுக்க அது ஆறுதலாப் பரவிக்கொண்டிருக்கும். வட்டமும் ஓரமும் அழிஞ்சு உருவமே மாறிப்போறதால டொக்டருக்கே பார்த்தவுடன பிடிபடாமப் போறதும் உண்டு. சில ரியூப்பில ஸ்டீரொய்ட், பூஞ்சண மருந்து, கிருமி மருந்து எல்லாத்தையும் ஒண்டாக் கலந்து வைச்சிருக்கிறாங்கள். அதில பூஞ்சண மருந்து இருக்குத்தானே எண்டு கேப்பினம், ஸ்டீரொய்டும் இருக்கே அதைத்தான் நான் சொல்லுறன்.

இந்தக் கிழமையே ரெண்டு பேரும் தோல் கிளினிக்குக்குப் போங்கோ, அந்த ரியூப்பையும் கையோட கொண்டுபோங்கோ. தோலைச் சுரண்டிப் பார்த்துப் பூஞ்சணம் எண்டு உறுதிப்படுத்துவினம். நாலு மாசம் பூசினதை மறைக்காமச் சொல்லோணும், ஏனெண்டா நிப்பாட்டேக்க தோல் சிவந்து எரியிறதும் உண்டு, அதுக்குப் பயந்து திரும்ப அதையே பூசுற ஆக்கள்தான் கன பேர். கனநாள் பூசினதால உடம்பு தானாச் சுரக்கிற ஸ்டீரொய்ட் அமுங்கியிருக்கவும் கூடும், அதால அவருக்குக் காரணமில்லாமக் களைப்பு, தலைச்சுற்று, சத்தி வந்தா கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்காமக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. துவாயும் சாரமும் ஆளுக்காள் வேறயா வைச்சு, சுடுதண்ணியில தோய்ச்சு நல்ல வெயிலில காயப்போடுங்கோ. ஸ்டீரொய்டால தொடையில வெள்ளை வரி வரியா வெடிச்சிருந்தா அது பிறகு முழுசா மறையாது தங்கச்சி, இனிக் கூடாமப் பார்க்கத்தான் ஏலும்.

கேள்வி: நான் ஒயின்ட்மென்ட் குழைக்கிற ஒரு இடத்தில வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம். ஸ்டீரொய்ட் பவுடரை நிறுத்துக் கலக்கிறதும் என்ர வேலை. வெறும் தோல் மருந்துதானே எண்டு மாஸ்க் ஒண்டும் தாறேல்லை. இது பாதுகாப்போ? (உப்புவெளி வாசகர், வயது 22)

பதில்: தம்பி, பாதுகாப்பு இல்லை. 0.05% கிறீம் 100 கிராமுக்குள்ள இருக்கிற குளோபெட்டசோல் 50 மில்லிகிராம்தான். அப்ப நீங்கள் தராசில வைக்கிற 1 கிராம் பவுடர் 2 கிலோ கிறீமுக்குப் போற மருந்து, 15 கிராம் ரியூப் எண்டா 130க்கு மேல. அதை மூடியைத் திறந்து, மேல ஃபேனும் சுத்த, மூக்குக்கு நேர வைச்சு அள்ளுறீங்கள். தோல் மருந்து எண்டு பேர் இருந்தாலும் தூளா மூச்சில போனா முழு உடம்புக்கும் போற மருந்து அது. 1978இல வந்த ஒரு மருத்துவக் கட்டுரையில, ஸ்டீரொய்ட் தயாரிக்கிற தொழிற்சாலையில வேலை செய்த ஆக்களுக்கு உடம்பு தானாச் சுரக்கிற ஸ்டீரொய்டான கோட்டிசோலே அமுங்கிப்போனதை எழுதியிருக்கினம். அவைக்கு அது வேலை செய்யேக்க உடம்புக்குள்ள போனது.

எங்கட வெக்கைக்கு ஃபேனை நிப்பாட்டுறது கஷ்டம், எனக்குத் தெரியும், ஆனா நிறுக்கிற அந்தக் கொஞ்ச நேரம் நிப்பாட்டியே ஆகோணும், கதவையும் சாத்துங்கோ. துணி மாஸ்க் காணாது, முகத்தோட இறுக்கமா இருக்கிற என்95 மாதிரியானது வேணும், நைட்ரைல் கிளவுஸ், கண்ணாடி, நீளக் கை கோட் வேணும். தூசியை இழுக்கிற நிறுவைப் பெட்டி இருந்தா அதுக்குள்ள வைச்சுச் செய்யிறதுதான் முறை. சிந்தினா விளக்குமாறால கூட்டக்கூடாது, தூள் கிளம்பும், ஈரத் துணியால ஒத்தி எடுத்துப் பையில கட்டிப்போட்டு, பிறகு சோப்புத் தண்ணியால துடையுங்கோ, வெறும் தண்ணியில அது கரையாது. துடைச்ச துணியும் கழிவும் வோஷ் பேசினுக்குள்ள போகக்கூடாது. கண்ணில பட்டா 15 நிமிஷம் தண்ணி ஊத்திக் கழுவிட்டு டொக்டரிட்டப் போங்கோ. அந்த அறைக்குள்ள பிளேன்ரீயும் வேண்டாம் பணிஸும் வேண்டாம். வேலை உடுப்போட வீட்டை போய்ப் பிள்ளையளைத் தூக்காதேங்கோ. கர்ப்பமான பிள்ளையள் ஆரும் உங்களோட வேலை செய்தா அவையை இந்த வேலைக்கு விடவே கூடாது, மிருகங்களில செய்த சோதனையில கருவில இருந்த குட்டியளுக்குக் குறை வந்திருக்கு.

பவுடரோட பாதுகாப்புத் தரவுத்தாள் எண்டு ஒண்டு வழமையா வரும், முதலாளியிட்ட அதைக் கேட்டு வாங்கி வாசியுங்கோ. கேக்கிறது உங்கட உரிமை தம்பி, வேலை போயிடும் எண்டு வாயை மூடிக்கொண்டு இருக்காதேங்கோ. முகம் உருண்டு சிவந்தோ, காரணமில்லாம நிறை கூடியோ வந்தா டொக்டரிட்ட உங்கட வேலை என்னெண்டு சொல்லிக் காட்டுங்கோ.

கேள்வி: நாலு வயது மகளுக்கு முழங்கை மடிப்பில கரப்பன். டொக்டர் ஹைட்ரோகோட்டிசோன் 1% எழுதித் தந்தவர், ஸ்டீரொய்ட் எண்டு மாமி பூச விடுறா இல்லை. (தம்பலகாமம் வாசகி)

பதில்: மேல எழுதினதை வாசிச்சிட்டு மாமி இன்னும் பயப்பிடப்போறா, அதுக்குத்தான் உங்கட கடிதத்தை இதோட சேர்த்துப் போட்டனான். 1952இலயிருந்து தோலுக்குப் பாவிக்கிற மருந்து இது, குளோபெட்டசோல் கடுமையில ஒரு அந்தம் எண்டா இது மற்ற அந்தம். டொக்டர் சொன்ன நாளுக்குச் சொன்ன இடத்தில பூசுங்கோ, பூசாம விட்டா பிள்ளை ராவிரவாச் சொறிஞ்சு புண்ணாக்கி அதில கிருமி பிடிக்கிறதுதான் பெரிய கரைச்சல். அளவுக்கு உங்கட சுட்டுவிரலைப் பாருங்கோ, நுனியிலயிருந்து முதல் ரேகை வரைக்கும் ஒரு கோடு பிதுக்கினா கிட்டத்தட்ட அரைக் கிராம், பெரிய ஆளின்ர ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது காணும். மகளின்ர ரெண்டு மடிப்புக்கும் அதில பாதியே தாராளம். மேல பொலித்தீனோ இறுக்கக் கட்டோ போடாதேங்கோ, கண்ணைச் சுத்திப் பூசாதேங்கோ. ரியூப்பை ஜன்னல் வெயிலில வைக்காம உள் அலுமாரியில, பிள்ளைக்கு எட்டாத தட்டில வையுங்கோ, திறந்த திகதியைப் பேனையால அதிலயே எழுதிவிடுங்கோ. மாமிக்கு முழங்காலில ஏதும் கடிச்சா இதை எடுத்துக் குடுக்கவும் வேண்டாம், அவவுக்கு வேற டொக்டர் காட்டுங்கோ.