புங்கமரத்தை வெட்டிட்டு வசந்தத்தை எங்க தேடப் போறீங்க?

கேள்வி: வாஷிங்டன் பக்கம் இருக்கற என் நாத்தனார் வருஷா வருஷம் மார்ச் கடைசியில செர்ரி பூ மரத்தடியில குழந்தையை நிக்க வெச்சு போட்டோ அனுப்பறாங்க. என் பையனுக்கு நாலு வயசு. ஸ்கூல் புக்ல ஸ்பிரிங் சீசன்னு ஒரு பக்கம் வருது, "நம்ம ஊருக்கு எப்பம்மா வரும்"னு கேக்கறான். இங்க பனி போனா நேரா வெயில்தானே? ஊட்டி கூட்டிட்டு போய் காட்டலாமா? (வாசல்ல ஒரு புங்கமரம் இலையும் பூவுமா கார் மேல கொட்டி ஒரே குப்பை. வெட்டிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.)
- வாசகி, திருச்சி

பதில்: பிராக்கெட்டுக்குள்ள போட்டிருக்கீங்களே, அதுதாம்மா உங்க முதல் கேள்விக்கு பதில். பையன் கேக்கற ஸ்பிரிங் உங்க கார் மேலதான் கொட்டுது, நீங்க அதை வெளக்கமாத்தால கூட்டி தள்ளிட்டு ஊட்டிக்கு வழி கேக்கறீங்க.

அந்த செர்ரி கூட வாஷிங்டனுக்கு சொந்த மரம் கிடையாது, 1912ல டோக்கியோ நகரம் அன்பளிப்பா அனுப்பின மூவாயிரத்து சொச்சம் கன்னுல இருந்து வந்தது. பூ முழுசா விரிஞ்சு நிக்கறது சில நாள்தான், நடுவுல ஒரு மழை காத்து அடிச்சா அதுவும் போச்சு. அழகுதான், யார் இல்லைன்னா. உங்க நாத்தனார் அந்த சில நாளுக்காக குழந்தையை தூக்கிட்டு கிளம்பி போறாங்க, உங்களுக்கு கேட்டை திறந்தாலே போதும், அதுக்கே இவ்வளவு யோசனை.

புங்கன் மாசி, பங்குனி வாக்குல பழைய இலையை கொட்டிட்டு கொஞ்ச நாள்லயே தளிர் விட்டுடும். முதல்ல லேசா செவப்பு ஓடின இளந்தளிர், அப்புறம் எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு பச்சை. (பழைய கணக்குப்படி இளவேனில்னா சித்திரை வைகாசி, மாசி பங்குனி பின்பனிதான். மரம் காலண்டர் பாக்கறதில்ல, விடுங்க.) அப்புறம் பூ. சங்கப் பாட்டுலயே மணல்ல உதிர்ந்து கிடக்கற புங்கம்பூவை நெல்லுப்பொரி சிதறின மாதிரின்னு சொல்லியாச்சு, நீங்க குப்பைங்கறீங்க. காலையில ஆறரை மணிக்கு, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, பையன் கையில ஒரு டம்ளரை குடுத்து மரத்தடியில உக்கார வைங்க, நீங்களும் கீழ உக்காருங்க, நின்னுக்கிட்டு போன் பாக்காதீங்க. ஒவ்வொரு பூவும் வெள்ளையும் லேசான ஊதா ரோஸுமா அவரைப்பூ ஜாடையில இருக்கும், காம்புகிட்ட கரும்பழுப்பா ஒரு குட்டி கிண்ணம், அதை அவனே பிரிச்சு பாக்கட்டும். மேல பெரிய கருவண்டு ரீங்காரம் போட்டுட்டு திரியும். சில இலையில புழு உள்ள மேஞ்சு போன வெள்ளைக் கோடு ரோடு மேப் மாதிரி இருக்கும், அதை விரலால தொடர்ந்துக்கிட்டே போக சொல்லுங்க, அரை மணி நேரம் உங்களை தொந்தரவு பண்ண மாட்டான். சட்டை அழுக்காகும், துவைச்சுக்கலாம்.

குயில் இன்னும் சுலபம். கூவறது ஆண், கருப்பா செவந்த கண்ணோட இலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், பொட்டை பழுப்புல வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும். ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஏறிக்கிட்டே போகும். பையனை பதிலுக்கு கூவ விடுங்க. குயில் அவனுக்குதான் எசப்பாட்டு பாடுதுன்னு நம்புவான், நம்பட்டுமே. காக்கா கூட்டுல முட்டை போடற கதையை அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்.

தெருவுல வேப்பமரம் இருந்தா ராத்திரி அதுக்கடியில ஒரு பழைய வேட்டியை விரிச்சுட்டு வந்துடுங்க, காலையில அவன் போய் பூவை அள்ளிட்டு வரட்டும். தூசி தும்பு பொறுக்கறது அவன் வேலை, முறத்துல காய வைக்கறது உங்க வேலை. சித்திரை ஒண்ணாம் தேதி மாங்கா பச்சடியில அதைத்தான் நெய்யில வறுத்து போடணும், பாக்கெட் வேப்பம்பூ வாங்காதீங்க. கசப்புன்னு மூஞ்சியை சுளிச்சாலும் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் "இது நான் பொறுக்கினது"ன்னு சொல்லாம இருக்க மாட்டான்.

வீட்டுக்காரருக்கு: மே 4 கத்திரி ஆரம்பிக்கறப்போ கார் நிக்க நிழல் வேணும்ல சார்? பங்குனியில இலையை கொட்டி புதுசு விட்டதாலதான் அந்த மரம் அப்போ அடர்த்தியா நிக்கும். வெட்டிட்டு ஷெட் போட்டா தகரம் எப்படி கொதிக்கும்னு நீங்களே தொட்டு பாத்துக்கோங்க. பூ கொட்டற நாளுக்கு மட்டும் கார் மேல ஒரு கவர் போடுங்க, இல்லைன்னா எதிர்ப்பக்கம் நிறுத்துங்க.

ஊட்டிக்கு தாராளமா போங்க, மலர் கண்காட்சி மே மாசம்தான், ஆனா கூட்டத்துல நாலு வயசுக்காரன் கண்ணுக்கு பூவை விட பெரியவங்க முழங்கால்தான் அதிகம் தெரியும். அப்புறம் ஒண்ணு, புங்கங்காயை மட்டும் வாயில வைக்க விடாதீங்க, வாந்தி வரும்.