சர்க்கரை மாத்திரையால் வந்த தீங்கு: யார்மீது வழக்கு?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 62 வயது. தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்த டாபாகிளிஃபுளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டு வந்தார். தைப்பூசக் காவடி விரதத்தில் இருந்தபோது வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தன. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் "சர்க்கரை 11 தான்" (மில்லிமோல் கணக்கில்; மில்லிகிராம் கணக்கில் சுமார் 200) என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் நினைவிழந்து ஐசியுவில் சேர்த்தோம், கீட்டோஅசிடோசிஸ் என்றார்கள். இப்போது தேறிவிட்டார். இந்த ரக மாத்திரைகளுக்காக அமெரிக்காவில் வழக்கு நடந்ததாமே, நாங்களும் கம்பெனிமீது வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் அம்மாவின் உடம்பைப் பார்ப்போம். வீட்டில் மிச்சமிருக்கும் அந்த மாத்திரையை அவர் மறுபடி தொடவே கூடாது. மாற்று மருந்துக்குச் சர்க்கரை நோய் நிபுணரைப் பாருங்கள். பழைய பெட்டியை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். அதன் காரணம் பின்னால் வருகிறது.

இந்த மாத்திரை ரத்தச் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும். விரதத்தில் சாப்பாடு குறைய, உடலில் இன்சுலினும் குறைகிறது. உடல் கொழுப்பை எரிக்கிறது. கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேர்கிறது. அது அளவு மீறுவதுதான் கீட்டோஅசிடோசிஸ். சர்க்கரைதான் சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறதே, அதனால் மீட்டரில் எண் ஏறுவதில்லை. "11" என்ற எண் ஏமாற்றியது இப்படித்தான். இந்த மாத்திரை சாப்பிடுபவர் வாந்தியோடு வந்தால், சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் கீட்டோன் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். 3 மில்லிமோலைத் தாண்டினால் அவசர நிலை.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஆபத்தை 2015 மே மாதமே எச்சரித்தது. இதே ரகத்தைச் சேர்ந்த இன்வோகானாமீதான வழக்குகள் 2016இல் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. கம்பெனி போதிய எச்சரிக்கை தந்ததா என்பது அங்கே பெரிய கேள்வி. நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 61ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளரின் கவனக்குறைவை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம். ஆனால் பொருளில் குறையோ, எச்சரிக்கையில் போதாமையோ இருந்ததாகக் காட்ட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளை எடுத்துப் படியுங்கள். கீட்டோஅசிடோசிஸ், பட்டினி பற்றிய எச்சரிக்கை அதில் இருந்தால் கம்பெனிமீதான வழக்கு பலவீனமாகிவிடும்.

என் பார்வையில் உங்கள் வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. விரதத்துக்கு முன் மாத்திரையை நிறுத்தச் சொல்லி டாக்டர் எச்சரித்தாரா? அவசரப் பிரிவில் அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்களா, கீட்டோன் பார்த்தார்களா? அன்றே பார்த்திருந்தால் ஐசியு வரை போயிருக்காது என்று சுயேச்சையான நிபுணர் ஒருவர் எழுதித் தர வேண்டும். பல வழக்குகள் விழுவது இந்தக் கடைசிப் படியில்தான்.

கெடுவைத் தவறவிடாதீர்கள். வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டுகள் உண்டு. ஆனால் அரசு மருத்துவமனை என்றால், 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். தைப்பூசத்திலிருந்து எண்ணினால் ஆடி மாதத்திலேயே அது முடிந்துவிடும். தவறினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். அதற்குத் தனியாகக் காரணம் காட்டி மனுப் போட வேண்டியிருக்கும்.

தகவல் பெறும் சட்டமான பையாவின் கீழ் மருத்துவப் பதிவுகளை இந்த வாரமே கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள். "முழு ஃபைல்" என்று மட்டும் எழுதினால் டிஸ்சார்ஜ் தாள் ஒன்றோடு நிறுத்திவிடக்கூடும். முதல் நாள் அவசரப் பிரிவுப் பதிவு, அதில் குறித்த நேரம், நர்ஸ் குறிப்புகள், ஐசியுவில் எடுத்த ரத்த வாயு, பைகார்பனேட், கீட்டோன் முடிவுகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மருந்துச் சீட்டையும் மருந்துக்கடைப் பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வென்றால் மட்டும் கட்டணம் வாங்கும் வக்கீல்கள் உண்டு. அப்படி வாங்கும் மொத்தக் கட்டணம், சட்டப்படி, வழக்கமான கட்டணத்தின் இரு மடங்கையோ கிடைக்கும் பணத்தில் 25 சதவீதத்தையோ, இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அம்மா முழுமையாகத் தேறிவிட்டால் கிடைக்கும் தொகையைவிட நிபுணர் செலவே மிஞ்சிவிடலாம். சிறுநீரகமோ நினைவாற்றலோ பாதிக்கப்பட்டிருந்தால் கணக்கே வேறு. அதனால் கையெழுத்துப் போடுமுன் அந்தப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள்.

வழக்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும், மெட் சேஃப்டி செயலியில் இந்தப் பக்கவிளைவைப் பதிவு செய்யுங்கள். தகவல் சாஃப்ரா என்ற மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்குப் போகும். இழப்பீடு அதில் கிடைக்காது. பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண்ணை அங்கே எழுத வேண்டும். பெட்டியை வைத்திருக்கச் சொன்னது அதற்காகத்தான்.