வெள்ளெழுத்தும் வியூஃபைண்டரும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 54. முப்பது வருடமாகப் படம் எடுக்கிறேன், பெரும்பாலும் முகங்கள். கையால் ஃபோகஸ் திருப்பும் பழைய மேனுவல் லென்ஸ்கள்தான் எனக்குக் கை பழகியவை. இரண்டு வருடமாக ஃபோகஸ் தவறுகிறது. எடுக்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. கணினியில் திறந்தால் கண்ணுக்குப் பதில் காது மடல் கூர்மையாக இருக்கிறது. தூரமும் கிட்டமும் ஒன்றிலேயே தெரிகிற புரோகிரசிவ் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். கழற்றினால் கேமராவின் பின்திரை தெரியவில்லை. லேசர் செய்துகொள் என்கிறார் நண்பர். புரை ஆரம்பித்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு லென்ஸ் வைக்கும்போது எல்லாத் தூரமும் தெரிகிற லென்ஸாகவே வைத்துக்கொள்ளலாமா? இல்லை, கேமராவை மூட்டை கட்டவேண்டிய காலம் வந்துவிட்டதா?

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூட்டை கட்ட வேண்டாம். நான் மருத்துவன் அல்ல. இதே தடுமாற்றத்தில் சில வருடம் அலைந்து, ஒரு கண்ணில் புரை அறுவையும் செய்துகொண்டு, இன்றும் படம் எடுக்கிறவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருக்கும். வயது ஏற ஏற இறுகிவிடும், வளைந்துகொடுக்காது. ஃபோகஸ் வளையம் துருப்பிடித்த லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான லேசர் சிகிச்சை கருவிழியின் வளைவைத்தான் மாற்றுகிறது, உள்ளே இருக்கும் லென்ஸைத் தொடுவதில்லை. தூரப் பார்வைக் குறையை அது சரிசெய்யும். இறுகிப்போன லென்ஸை இளக்காது. போதாததற்கு, புரையும் தொடங்கியிருக்கிற கண்ணில் இப்போது லேசர் செய்துகொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. சில வருடத்தில் அந்த லென்ஸையே மாற்றப்போகிறீர்கள்.

கண் பரிசோதனைக்குப் போகும்போது நாம் ஒரு தவறு செய்கிறோம். சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கிறோம், கையில் கொடுக்கும் அட்டையைப் படிக்கிறோம், எழுந்து வந்துவிடுகிறோம். படம் எடுக்கிறவனின் கண் வேறு தூரங்களில் வேலை செய்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது, நாமும் சொல்வதில்லை. ஒரு டேப் எடுத்து அளந்துகொண்டு போங்கள். கேமராவின் பின்திரையை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறீர்கள்? 40 சென்டிமீட்டர் இருக்கலாம். கணினித் திரை? 65 இருக்கலாம். ஒன்றை மீட்டர் கணக்கிலான தூரத்தால் வகுத்தால் டயாப்டர், அதாவது கண்ணாடிப் பவரின் அளவு, வரும். 40 சென்டிமீட்டருக்கு 2.5, 65க்கு ஏறத்தாழ 1.5. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணினியில் படம் திருத்துகிறவர்கள் கழுத்தை நீட்டி நீட்டி உட்கார்ந்திருப்பது இதனால்தான். திரைக்கு என்று தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

மூன்றாவது தூரம் வியூஃபைண்டர். கண்ணை ஒட்டி வைத்துப் பார்ப்பதால் அது மிக அருகில் இருப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலான கேமராக்களில் உள்ளே தெரியும் பிம்பம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருப்பதுபோல அமைத்திருக்கிறார்கள். அதை நம் கண்ணுக்கு ஏற்ப நகர்த்தத்தான் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சக்கரம் வைத்திருக்கிறார்கள். அது பையில் உரசித் தானாகத் திரும்பிவிடும். முப்பது வருடம் படம் எடுத்தவர்கள்கூட அதைத் தொட்டதில்லை என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கே செய்து பாருங்கள். கேமராவை வெறும் சுவரை நோக்கிப் பிடியுங்கள். காட்சியைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள், உள்ளே ஆடி வைத்துக் காட்சியைக் காட்டும் டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் ஃபோகஸ் புள்ளிகளின் கட்டங்களைப் பாருங்கள். சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி அவற்றை மங்கவிடுங்கள். பிறகு மெல்ல மெல்லத் திரும்ப வாருங்கள். ஓரங்கள் பிளேடால் வெட்டினாற்போல் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணை எடுத்து, பத்து எண்ணும்வரை தூரத்தில் எதையாவது பார்த்துவிட்டு மறுபடி வையுங்கள். எழுத்துகள் உடனே தெளிவாக இருந்தால் சரி. தெளிய ஒரு கணம் பிடித்தால் கண் சிரமப்படுகிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளையாததால் வரும் சிலிண்டர் பவர் இருந்தால் மட்டும் இந்தச் சக்கரம் கைகொடுக்காது, கண்ணாடி போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

புரோகிரசிவ் ஏன் மோசமாக்கியது என்று உங்களுக்கே இப்போது புரிந்திருக்கும். அதில் மேலிருந்து கீழாகப் பவர் மாறிக்கொண்டே போகிறது, தெளிவான பாதை குறுகலானது. தலையைச் சற்றுச் சாய்த்தாலும், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினாலும் நீங்கள் லென்ஸின் வேறொரு பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள். படம் எடுக்கும்போது தூரப் பவர் மட்டும் உள்ள கண்ணாடி போட்டு, அதற்கு ஏற்பச் சக்கரத்தைத் திருப்பிவைத்துவிடுங்கள். பின்திரைக்கு என்ன செய்வது என்பீர்கள். ஆடி இல்லாமல், வியூஃபைண்டருக்குள் சின்னத் திரை வைத்த மிரர்லெஸ் கேமரா என்றால் எடுத்த படத்தையும் மெனுவையும் வியூஃபைண்டருக்குள்ளேயே பார்க்கலாம், பின்திரை பக்கமே போகவேண்டாம். இல்லையென்றால் தூரத்துக்கும் வாசிப்புக்கும் இரண்டு பகுதியாக, நடுவே கோடு தெரியும் பழைய பைஃபோகல், வாசிப்புப் பகுதியைத் தாழ்வாக வைத்துச் செய்தது. பார்க்க வயதானவர் கண்ணாடி மாதிரி இருக்கும், இருக்கட்டும். வேலைக்கு அதுபோல உதவுவது வேறில்லை.

காது மடலுக்குக் கண் மட்டும் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால் அதன் ஃபோகஸ் திரை வெளிச்சமாகத் தெரிவதற்காகச் செய்யப்பட்டது. லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை அகலத் திறந்த எஃப் 1.4இல், கூர்மையாக விழும் மெல்லிய ஆழத்தை அது காட்டாது, இருபது வயதுக் கண்ணுக்கும்தான். மிரர்லெஸ்ஸில் உருப்பெருக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். ஓரங்களில் நிறம் காட்டும் பீக்கிங்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சொட்டு மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். 2021இல் அமெரிக்காவில் பைலோகார்பின் சொட்டு மருந்து வெள்ளெழுத்துக்கு அனுமதி பெற்றது. கண்மணியைச் சுருக்கி, கூர்மையாகத் தெரியும் ஆழத்தைக் கூட்டுகிறது, அப்பர்ச்சரை எஃப் 11க்குக் குறைப்பதுபோல. அப்படிக் குறைத்தால் வெளிச்சமும் குறையும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தி வெளிச்சத்தில் முகம் எடுக்கிறவருக்கு அது ஒத்துவராது.

இனி புரை. எல்லாத் தூரமும் தெரிகிற மல்டிஃபோகல் லென்ஸ், வரும் ஒளியைப் பல தூரங்களுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறது. அதனால் கான்ட்ராஸ்ட் குறையும், இரவு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். பலர் அதோடு சந்தோஷமாக இருக்கிறார்கள். நிழலின் படிநிலைகளைப் பார்த்தே வாழ்கிற உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஒரே தூரத்துக்கான மோனோஃபோகல் வைத்து மீதியைக் கண்ணாடியிடம் விட்டேன். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைச் சற்றுக் கிட்டத்துக்கும் வைக்கும் முறையும் உண்டு. வியூஃபைண்டரில் வைக்கிற கண்ணைக் கிட்டத்துக்கு விட்டால், குறைகிற பவரைச் சக்கரம் ஈடுகட்டிவிடும். மற்ற கண் திறந்தபடி தூரத்தைப் பார்க்கும். ஆனால் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில வாரம் படம் எடுத்துப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். லென்ஸ் வைத்தபின் மாற்றுவது எளிதல்ல.

அறுவைக்குப் பின் கட்டைப் பிரித்த அன்று வெள்ளைச் சுவர் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து பார்த்தேன். பழைய கண்ணுக்குச் சுவர் பழுத்த காகிதம். புதிய கண்ணுக்கு நீலம் பாய்ந்த வெள்ளை. ஓவியர் மோனே 1923இல், தன் 82ஆவது வயதில், வலக்கண்ணில் புரை அறுவை செய்துகொண்டு நிறங்களோடு மல்லாடியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று இரவே கடைசி மூன்று வருடப் படங்களைத் திறந்தேன். வானங்களில் நீலத்தை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தேன், முகங்களைக் கத்திபோலக் கூர்மையாக்கியிருந்தேன். எல்லாவற்றையும் மறுபடி திருத்த மாதங்கள் ஆயின. ஆகவே அறுவைவரை, முக்கியமான படங்களை இளம் கண்கள் உள்ள ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. வியூஃபைண்டரில் கட்டக் கோடுகளை எப்போதும் போட்டுவையுங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கண்ணில் கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் விழித்திரையைப் பார்க்கச் சொல்லி உடனே மருத்துவரிடம் போங்கள். திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல ஒளி, மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவதுபோல நிழல் எது வந்தாலும் அன்றைக்கே.

சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அளந்த தூரங்களையும் சேர்த்து எழுதுங்கள்.