பால்வினை நோய் முழுசாகக் குணமாகுமா?

கேள்வி: பிறப்புறுப்பில் வலியில்லாத ஒரு புண் வந்து தானாகவே ஆறிவிட்டது. பிறகுதான் சிபிலிஸ் என்று தெரிந்து பென்சிலின் ஊசி போட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் டி.பி.எச்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். இது குணமே ஆகாதா?

பதில்: குணமாகிற நோய்தான். டி.பி.எச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் அப்படியேதான் காட்டும். அதைக் கண்டு மிரண்டு மறுபடி ஊசிக்குப் போகாதீர்கள். பார்க்க வேண்டியது, நோய் அடங்குவதைக் காட்டும் வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். ரத்தப் பரிசோதனையின் அளவு. ஊசிக்கு முன் 1:32 இருந்தது 1:8 ஆகியிருந்தால், அதாவது நான்கில் ஒன்றாகக் குறைந்திருந்தால், மருந்து வேலை செய்திருக்கிறது. அப்படி இறங்க ஒரு வருடம்கூட ஆகலாம். முதலில் எடுத்த அதே பரிசோதனையை, முடிந்தால் அதே லேபில் எடுங்கள். ஒன்றின் அளவை மற்றதோடு ஒப்பிட முடியாது.

புண் ஆறியதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். மருந்தே இல்லாமலும் 3 முதல் 6 வாரத்தில் அது மறையும். கிருமி உள்ளே இருக்கும். ஆரம்ப நிலைக்கு பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. தொற்றி வெகுகாலம் ஆகியிருந்தாலோ, எப்போது தொற்றியது என்றே தெரியாவிட்டாலோ, வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. போட்ட அன்று காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் பயம் வேண்டாம். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது அது, ஒரு நாளில் அடங்கும். மூச்சுத்திணறலோ தடிப்போ வந்தால் அது ஒவ்வாமை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுக்கு மாத்திரையை ஒழுங்காகத்தான் முடித்தேன். மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிட்டதே?

பதில்: உங்கள் துணை மருந்து சாப்பிட்டாரா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். அறிகுறியே இல்லாமல் அவரிடம் இருந்து உங்களுக்கே திரும்பி வரும். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 7 நாள். இருவரும் ஒரே சமயத்தில் சாப்பிட்டு முடிக்கும்வரை உறவு கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். இரும்புச்சத்து மாத்திரையைக் கூடவே போட்டால் மருந்து உடம்பில் சேராது. கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். மருத்துவர் வேறு மருந்து தருவார். முடித்த 4 வாரத்துக்குள் சோதித்தால் செத்த கிருமியே பாசிட்டிவ் காட்டலாம்.

கேள்வி: அப்படியானால் குணமாகாதவை எவை?

பதில்: முக்கியமாக, கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸும் எச்.ஐ.வி.யும். எச்.ஐ.வி. மாத்திரையால் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவில் மற்றவருக்குப் பரவாது. ஹெர்பிஸுக்குக் கொப்புளம் கிளம்பும் முன் வரும் குறுகுறுப்பிலேயே ஏசைக்ளோவிர் மருந்தைத் தொடங்கிவிட்டால் சீக்கிரம் அடங்கும். தாமதித்தால் அவ்வளவு பலன் தராது.